சுவரில் அடித்த மருந்து

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிற வெளியூர்க்காரர் யாராக இருந்தாலும் இரண்டு காரியம் செய்யாமல் ஊர் திரும்ப மாட்டார். ஒன்று, ஆண்டாள் கோயிலின் 192 அடி கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார். இன்னொன்று, அரை கிலோ பால்கோவா வாங்குவார்.

பால்கோவா கிண்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. அகலமான சட்டி. கீழே விறகு. உள்ளே பாலும் சர்க்கரையும். அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்கவேண்டியதுதான். தண்ணீர் ஆவியாகிப் போகும். தண்ணீரைத் தவிர அந்தப் பாலில் என்னென்ன இருந்ததோ, அத்தனையும் சட்டியிலேயே தங்கிவிடும். நேரம் ஆக ஆக, கெட்டியாகும்.

அந்தச் சட்டியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரக் கதைக்கு வேண்டியிருக்கிறது. (பால்கோவா பிரியர்கள் பதறவேண்டாம். பால்கோவா மேல் எந்தப் புகாரும் இல்லை. நானும் அதே ஊரில் அதையே தின்று வளர்ந்தவன்தான்.)

1993-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 12 மாநிலங்களில் இருந்து 2,205 பால் மாதிரிகள். பசும்பால், எருமைப்பால் இரண்டும். அவற்றில் நூற்றுக்கு 82 மாதிரிகளில் டி.டி.டி. இருந்தது. நூற்றுக்கு 37 மாதிரிகளில் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டி இருந்தது. மகாராஷ்டிரத்தில் மட்டும் 74 சதவிகிதம் வரம்பு மீறல். குஜராத்தில் 70. ஆந்திரம், இமாசலம், பஞ்சாப் மூன்றிலும் பாதிக்கு மேல். மற்ற மாநிலங்களில் பத்து சதவிகிதத்துக்கும் கீழே.

பால்காரர் பாலில் தண்ணீர் கலப்பார், தெரியும். டி.டி.டி.யை யார் கலப்பார்? யாரும் கலக்கவில்லை. பின்னே எப்படி வந்தது?

இந்தக் கேள்விக்கு எனக்கு முதல் துப்பு கொடுத்தவர் எங்கள் ஆச்சி. ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்தது ஆச்சி வீடு. மண்சுவர், மேலே ஓடு. சுண்ணாம்பு அடிக்காத உள் சுவர் ஒன்றில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் தேதியும் ஏதோ எழுத்துமாக மங்கலாகத் தெரியும். சின்ன வயதில் அது என்ன என்று கேட்டிருக்கிறேன்.

“அது மலேரியாக்காரங்க போட்டதுய்யா. முதுகுல டப்பாவைக் கட்டிக்கிட்டு வந்து வீடு பூரா மருந்தடிப்பாங்க. சாமி படத்தைக்கூட வெளிய எடுத்து வச்சிரணும். தொழுவத்தையும் விடமாட்டாங்க. முதல் வருஷம் கொசு, மூட்டைப்பூச்சி எல்லாம் செத்துச்சு. அப்புறம் என்னடான்னா, மருந்தடிச்சா மூட்டைப்பூச்சி கொழுக்குது!”

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆச்சியின் அந்த மூன்று நான்கு வாக்கியத்துக்குள் உலக சரித்திரத்தின் ஒரு பெரிய அத்தியாயம் அப்படியே இருந்தது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

அத்தியாயத்தின் முதல் பக்கம், மலேரியா.

இன்றைக்குப் பலருக்கு அது பாடப்புத்தக வியாதி. முந்தைய தலைமுறைக்கு அப்படி இல்லை. எங்கள் ஊர் மலைக்கு அந்தப் பக்கம் பெரியாறு. 1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்த அந்த அணைக்கட்டு வேலையில் கூலிக்குப் போனவர்களைக் கொன்ற காரணங்களில் காலராவும் மலேரியாவும் முக்கியமானவை. அடிவாரக் கிராமங்களில் முறைக்காய்ச்சல் என்றால் ஜனங்கள் நடுங்குவார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து தூக்கித் தூக்கிப் போடும். கொய்னா மாத்திரை கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் விதி.

சுதந்திரம் வாங்கிய சமயத்தில் இந்தியாவில் வருஷத்துக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா வந்தது. இறந்தவர்கள் சுமார் 8 லட்சம். அன்றைய ஜனத்தொகையே 34 கோடிதான். அதாவது, ஐந்தில் ஒருத்தருக்கு மேல் காய்ச்சல். அறுவடைக்கு ஆள் கிடைக்காது. நட்டு வைத்தவன் படுத்துவிடுவான்.

இந்த நேரத்தில்தான் ஸ்விட்சர்லாந்தில் இருந்து ஒரு வெள்ளைத் தூள் வந்து சேர்ந்தது.

டி.டி.டி.யை முதலில் தயாரித்தவர் ஓட்மார் ஸைட்லர் என்கிற மாணவர். வருஷம் 1874. எதற்கு உபயோகம் என்று அவருக்குத் தெரியாது. எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். 65 வருஷம் அது சும்மா கிடந்தது. பேசல் நகரத்தில் கெய்கி என்கிற சாயக் கம்பெனியில் வேலை பார்த்த பால் முல்லர், கம்பளித் துணியை அரிக்கும் அந்துப்பூச்சியைக் கொல்ல மருந்து தேடிக்கொண்டிருந்தார். நாலு வருஷம் தேடி, 1939-ல் இதைப் பிடித்தார். கண்ணாடிக் கூண்டில் தடவிவிட்டு ஈக்களை உள்ளே விட்டால், ஈக்கள் செத்தன. சரி, அது எல்லா விஷமும் செய்வதுதான். ஆனால் கூண்டைக் கழுவியபிறகு புதிய ஈக்களை விட்டார். அவையும் செத்தன.

முல்லருக்கு அதுதான் வேண்டியிருந்தது. அவர் தேடிய மருந்துக்கு அவரே வைத்த நிபந்தனைகளில் ஒன்று, அது சீக்கிரத்தில் அழியக் கூடாது, நீண்ட நாள் நிற்கவேண்டும் என்பது. நின்றது. இன்னமும் நிற்கிறது. அதுதானே பிரச்னையே!

இரண்டாம் உலகப்போர். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் 1943 குளிர்காலத்தில் டைபஸ் காய்ச்சல் பரவியது. பேன் பரப்புகிற வியாதி. அமெரிக்க ராணுவம் ஜனங்களை வரிசையில் நிறுத்தி, சட்டைக்குள்ளும் தலையிலும் பவுடரைப் பீய்ச்சி அடித்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு! நோய் அடங்கியது. அதற்கு வேறு பவுடர்களும் உதவின என்றாலும், பெயரைத் தட்டிக்கொண்டு போனது டி.டி.டி.தான். 1948-ல் முல்லருக்கு நோபல் பரிசு. அதுவும் மருத்துவத்துக்கு. இத்தனைக்கும் அவர் டாக்டர் இல்லை, கெமிஸ்ட்.

இந்தியா 1953 ஏப்ரலில் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டத்தை ஆரம்பித்தது. டி.டி.டி.யை வெளியே இருந்து எத்தனை நாள் வாங்குவது? 1954-ல் மத்திய அரசு இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் என்று ஒரு கம்பெனியையே தொடங்கியது. முதலில் டெல்லியில் ஆலை, பிறகு 1958-ல் கேரளத்தின் உத்யோகமண்டலில். அதே 1958-ல் திட்டத்தின் பெயரும் மாறியது. கட்டுப்பாடு போய், ஒழிப்பு!

இதன் சூத்திரம் ரொம்ப எளிமையானது. கொசு ரத்தம் குடித்ததும் வயிறு கனத்துப் பக்கத்துச் சுவரில் போய் உட்காரும். சுவரில் சதுர மீட்டருக்கு ஒரு கிராம் டி.டி.டி. இருந்தால் போதும், கொசு அங்கேயே காலி. அடுத்த ஆளைக் கடிக்க அது உயிரோடு இருக்காது. வருஷத்துக்கு இரண்டு சுற்று அடிக்கவேண்டும். எந்த வீட்டில் எந்தத் தேதியில் அடித்தோம் என்று தெரியச் சுவரிலேயே எழுதிவைக்க வேண்டும். ஆச்சி வீட்டுச் சுவரில் இருந்த கட்டம் அதுதான்.

பலன்? ஏழரைக் கோடி என்று இருந்த கணக்கு, 1965-ல் ஒரு லட்சத்துக்கு வந்தது. அந்த வருஷம் மலேரியாவால் இறந்ததாக அரசாங்கப் பதிவேட்டில் ஒருவர்கூட இல்லை. பக்கத்தில் இலங்கையில் இன்னும் பிரமாதம். 1946-ல் இருபத்தெட்டு லட்சம் நோயாளிகள். 1963-ல் மொத்தமே 17 பேர்!

டி.டி.டி.யைத் திட்டுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தாண்டிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. என்னைக் கேட்டால், 1953-ல் நான் சுகாதார மந்திரியாக இருந்திருந்தாலும் அந்தக் கையெழுத்தைப் போட்டுத்தான் இருப்பேன். அந்த மருந்து வராமல் இருந்திருந்தால் இதைப் படிக்கிற உங்களில் சிலருடைய அப்பாவோ அம்மாவோ பிழைத்திருக்கவே மாட்டார்கள்.

ஆனால், ஆச்சி சொன்ன இரண்டாவது வாக்கியத்தை மறந்துவிடக் கூடாது. ‘மருந்தடிச்சா மூட்டைப்பூச்சி கொழுக்குது.’

ஆயிரம் பூச்சியில் 999 செத்தால், தப்பிய ஒன்று குட்டி போடும். அந்தக் குட்டிகளுக்கும் மருந்து பலிக்காது. மூட்டைப்பூச்சிக்கு நடந்தது கொசுவுக்கும் நடந்தது. இலங்கையில் 1964-ல் மருந்தடிப்பதை நிறுத்தினார்கள். 1968, 69-ல் மறுபடி லட்சக்கணக்கானவர்கள் காய்ச்சலில் படுத்தார்கள். (இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று சர்டிபிகேட் வாங்கியது 2016-ல்.) இந்தியாவில் 1976-ல் 64 லட்சம் பேருக்கு மலேரியா. ‘ஒழிப்பு’ என்கிற வார்த்தையைச் சத்தமில்லாமல் மடித்து உள்ளே வைத்தார்கள்.

கொசுவுக்கு இந்தப் பலத்தைக் கொடுத்தது வீட்டுச் சுவர் மட்டுமில்லை. வயல்.

இங்கே இன்னொரு வெள்ளைத் தூளைச் சொல்லவேண்டும். பி.எச்.சி. விவசாயக் குடும்பத்தில் பிறந்த யாருக்கும் அந்த வாசனை மறந்திருக்காது. 1952-ல் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ரிஷ்ராவில் இதைத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். இந்தியாவில் பூச்சிமருந்து உற்பத்தி தொடங்கியதே அங்கேதான். விலை மலிவு. நெல்லுக்குத் தூவலாம், பருத்திக்குத் தூவலாம், எறும்புப் புற்றுக்குப் போடலாம். எங்கள் ஆச்சி தானிய மூட்டையைச் சுற்றிக் கோலப்பொடி மாதிரி இழுத்துவிடுவார். கையால்தான். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எங்களுக்குச் சோறு போட வருவார்.

எங்கள் பக்கம் கரிசல் பூமி. பருத்தி இல்லாமல் எங்களுக்குச் சரித்திரம் கிடையாது. 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் வந்ததும், அடுத்தடுத்து நூற்பாலைகள் முளைத்ததும் பருத்தியால்தான். அந்தப் பருத்திக்கு ஒரு சாபம் உண்டு. சகல பூச்சிக்கும் அது விருந்து. இந்தியாவின் மொத்தச் சாகுபடி நிலத்தில் பருத்தி இருந்தது சுமார் 5 சதவிகிதம். நாட்டில் அடித்த பூச்சிமருந்திலோ ஏறக்குறைய பாதியை அது ஒன்றே குடித்தது.

நான் படித்தது பி.காம். கெமிஸ்ட்ரி பத்தாம் வகுப்போடு போயிற்று. அதனால் பி.எச்.சி.யை எனக்குத் தெரிந்த மொழியில் சொல்கிறேன். சாதாரணமாக விற்ற பி.எச்.சி. தூளில் பூச்சியைக் கொல்லும் சரக்கு ‘காமா’ என்கிற பகுதி மட்டும்தான். அது நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து. பாக்கி எண்பத்தைந்து? பூச்சிக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாத உடன்பிறப்புகள். காமாவைத் தனியாகப் பிரித்து விற்றால் விலை ஏறும். (அப்படிப் பிரித்ததற்குத்தான் லிண்டேன் என்று பெயர்.) எனவே பிரிக்காமல் அப்படியே மூட்டை கட்டி விற்றார்கள். நூறு ரூபாய்க்குச் சரக்கு வாங்கி, அதில் எண்பத்தைந்து ரூபாய்க் குப்பையை நம் காசிலேயே நம் வயலில் கொட்டிக்கொண்டோம். அந்தக் குப்பைக்குள் ‘பீட்டா’ என்று ஓர் ஆசாமி உண்டு. குடும்பத்திலேயே மனித உடம்பை விட்டுக் கிளம்ப ரொம்ப அடம்பிடிப்பவர் அவர்தான்.

இந்த வகையறாவுக்கு எல்லாம் இரண்டு பொதுக்குணம். ஒன்று, சீக்கிரத்தில் அழியாது. இரண்டு, தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும்.

முதல் குணத்தைக் காமர்ஸ் மாணவர்கள் நொடியில் புரிந்துகொள்வார்கள். தேய்மானத்தில் ‘குறைந்து செல் மதிப்பு முறை’ என்று ஒன்று உண்டே, அதேதான். மிச்சம் இருப்பதில் இத்தனை சதவிகிதம் என்று கழித்துக்கொண்டே போகவேண்டும். எத்தனை வருஷம் கழித்தாலும் பூஜ்ஜியம் வராது. டி.டி.டி. மண்ணில் பாதியாகக் குறைய, இடத்தைப் பொறுத்து, 2 முதல் 15 வருஷம் வரை ஆகிறது. பத்து வருஷம் என்று வைத்துக்கொள்வோம். 1960-ல் நூறு கிராம் கொட்டியிருந்தால் 1970-ல் ஐம்பது, 1980-ல் இருபத்தைந்து... 2020-ல்கூட ஒன்றரைக் கிராம் கணக்கில் நிற்கும். லெட்ஜரை மூடவே முடியாது.

இரண்டாவது குணம்தான் பால்கோவாச் சட்டி. வயலில் தூவிய மருந்து வைக்கோலில் ஒட்டியிருக்கிறது. மாடு தினம் கட்டுக் கட்டாக வைக்கோல் தின்கிறது. பருத்திக்கொட்டை தின்கிறது, புண்ணாக்குத் தின்கிறது. தொழுவத்துச் சுவரை நக்குகிறது. தீவனத்தில் மற்றதெல்லாம் சாணியாகவும் மூத்திரமாகவும் வெளியே போய்விடும். மருந்து போகாது. கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். மாட்டின் கொழுப்பு வெளியே வர ஒரு பெரிய வழி, பால். அந்தப் பால்தான் நமக்குத் தயிர், வெண்ணெய், நெய். 1993 அறிக்கையில் வந்த மர்மத்துக்கு விடை இவ்வளவுதான்.

இந்தச் சுண்டல் கணக்கை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் ரேச்சல் கார்சன். 1962-ல் வந்த அவருடைய ‘மௌன வசந்தம்’ புத்தகத்தில் கலிபோர்னியாவின் கிளியர் லேக் என்கிற ஏரியின் கதை வருகிறது. கொசு மாதிரியான ஒரு பூச்சியின் தொல்லைக்காக, டி.டி.டி.யின் தம்பி முறை மருந்து ஒன்றை ஏரியில் கலந்தார்கள். அளவு, பத்துக் கோடிப் பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்குக்கும் குறைவு. ஒன்றும் ஆகாது என்றார்கள். சில வருஷத்தில் அங்கே மீன் தின்று வாழ்ந்த முக்குளிப்பான் பறவைகள் கூட்டமாகச் செத்து விழுந்தன. கொழுப்பைச் சோதித்தால், பத்து லட்சத்துக்கு 1,600 பங்கு மருந்து! தண்ணீரில் இருந்து நுண்ணுயிர், அதில் இருந்து சின்ன மீன், பெரிய மீன், பறவை என்று படிக்குப் படி சுண்டிக்கொண்டே போயிருக்கிறது.

கார்சனை மருந்துக் கம்பெனிகள் படாதபாடு படுத்தின. புத்தகம் வந்தபோதே அவருக்கு மார்பகப் புற்றுநோய். 1964-ல் இறந்துபோனார். டி.டி.டி.யை அடியோடு தடை செய் என்று அவர் சொல்லவில்லை, கண்மண் தெரியாமல் அடிக்காதே என்றுதான் சொன்னார். அமெரிக்கா 1972-ல் தடை செய்தது.

நம் ஊரில் என்ன செய்துகொண்டிருந்தோம்? சட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். அதற்கும் ஒரு துயரக் கதை காரணம். 1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் சென்னை மாகாணத்திலும் பூச்சிமருந்து கலந்த உணவைச் சாப்பிட்டுப் பலர் மாண்டார்கள். கேரளத்தில் மட்டும் நூறு பேருக்கு மேல். கோதுமை மாவு மூட்டையும் ஃபாலிடால் மருந்தும் ஒரே கப்பலில் வந்ததில் ஏற்பட்ட கசிவு. நீதிபதி ஷா கமிஷன் போட்டார்கள். பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-ல் வந்தது. ஃபாலிடால் உடனே கொல்கிற விஷம். பிணம் விழுந்தால் கமிஷன் வரும். டி.டி.டி.யும் பி.எச்.சி.யும் அப்படிப் பிணம் காட்டாது. எனவே யாரும் அவசரப்படவில்லை.

எண்பதுகளின் கடைசியில் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பரங்கிப்பேட்டையில் ஒரு நல்ல வேலை நடந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகமும் சேர்ந்து, நெல் வயலில் போடும் பி.எச்.சி. எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தன. போலீஸ்காரர் திருடனைத் தொடர்கிற மாதிரி. வயல், வாய்க்கால், வெள்ளாறு, முகத்துவாரம், காற்று எல்லா இடத்திலும் மாதிரி எடுத்தார்கள். வயலில் போட்டது மழைத் தண்ணீரில் அடித்துக்கொண்டு கடலுக்குப் போகும் என்றுதான் நீங்களும் நானும் நினைப்போம். கடலுக்குப் போனது 0.4 சதவிகிதம். பாக்கி 99.6 சதவிகிதம் நம் வெயிலில் ஆவியாகிக் காற்றில் போய்விட்டது. 1991-ல் வெளிவந்த முடிவு இது.

காற்றில் போனது எங்கே இறங்கும்? குளிர்ந்த இடத்தில். சட்டியின் மூடியில் ஆவி தண்ணீராகச் சொட்டுகிற மாதிரி, வெப்ப நாடுகளில் கிளம்புவது துருவத்துக் குளிரில் போய்ப் படிகிறது. கனடாவின் வடகோடியில் வயலும் கிடையாது, ஆலையும் கிடையாது. எண்பதுகளின் கடைசியில் அங்கே வாழும் இனுயிட் தாய்மார்களின் பாலைச் சோதித்தார்கள். சும்மா ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, சுத்தமான இடம் என்று நம்பித்தான் எடுத்தார்கள். இதே ஜாதியைச் சேர்ந்த பி.சி.பி. என்கிற ரசாயனம், தெற்கே நகரத்துத் தாய்மார்களைவிட ஐந்து மடங்கு இருந்தது. சீல், திமிங்கிலக் கொழுப்பைத் தின்று வாழ்கிற ஜனங்கள். அவர்களுடைய பால்கோவாச் சட்டி அது.

பரங்கிப்பேட்டைக்காரர்களின் ஜப்பானியக் கூட்டாளிகள் தென்னிந்தியத் தாய்ப்பாலையும் சோதித்து 1990-ல் எழுதினார்கள். 1992-ல் இந்திய உணவுப்பொருட்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. சராசரி இந்தியன் தினம் சாப்பாட்டோடு 115 மைக்ரோகிராம் பி.எச்.சி.யும் 48 மைக்ரோகிராம் டி.டி.டி.யும் விழுங்குகிறான். பெரும்பாலான பணக்கார நாடுகளைவிட அதிகம். முக்கியமான வழி, பால் பொருட்களும் இறைச்சியும்.

ஆணுக்கு இந்தக் கணக்கில் வரவு மட்டும்தான். தாய்க்கு மட்டும் பெரிய பற்று ஒன்று உண்டு. பால் கொடுக்கும்போது, வருஷக்கணக்காகக் கொழுப்பில் சேர்த்துவைத்ததில் ஒரு பங்கு குழந்தைக்குப் போகிறது. முதல் குழந்தைக்கு அதிகம், அடுத்ததற்குக் குறைவு. இதைப் படித்துவிட்டு யாரும் புட்டிப்பாலுக்குத் தாவிவிட வேண்டாம். அத்தனையையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் தாய்ப்பால்தான் உசத்தி என்று உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

உடம்பில் இருந்தால் என்ன செய்யும்? ரொம்ப நாள் யாருக்கும் பிடிபடவில்லை. இன்று அடித்தால் நாளை விளைவு என்கிற சங்கதி இல்லையே. கலிபோர்னியாவில் 1959 முதல் 1967 வரை பிரசவத்துக்கு வந்த பெண்களின் ரத்தத்தை எடுத்துப் பத்திரமாக உறைய வைத்திருந்தார்கள். அதை எடுத்துச் சோதித்து, அந்தப் பெண்களுக்கு என்ன ஆயிற்று என்று தேடினார்கள். 14 வயதுக்குள் டி.டி.டி. புழக்கத்துக்கு வந்துவிட்டவர்களில், ரத்தத்தில் அது அதிகம் இருந்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு ஐந்து மடங்கு என்று 2007-ல் தெரிந்தது. அவர்களுடைய மகள்களுக்கும், கர்ப்பத்தில் இருந்தபோதே பட்டதால், கிட்டத்தட்ட நாலு மடங்கு என்று 2015-ல் தெரிந்தது. அதே 2015-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் டி.டி.டி.யை ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்’ என்ற பட்டியலிலும், லிண்டேனை ‘உண்டாக்கும்’ என்ற பட்டியலிலும் வைத்தது. ஐம்பது வருஷம் கழித்து வந்த தீர்ப்பு.

எங்கள் ஆச்சியின் ரத்தத்தை யாரும் எடுத்து வைக்கவில்லை.

தடைகள் நமக்கும் வந்தன. தவணை முறையில். டி.டி.டி.யை விவசாயத்துக்கு உபயோகிக்கக் கூடாது என்று 1989-ல் சொன்னார்கள், சுகாதாரத் துறை மட்டும் வருஷத்துக்கு 10,000 டன் வரை அடிக்கலாம். பி.எச்.சி. 1997 ஏப்ரலில் நின்றது. லிண்டேன் தடை 2011-ல். காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் இருபது வருஷத்துக்கு மேல் ஹெலிகாப்டரில் தெளிக்கப்பட்டு, அந்தக் கிராமங்களை உலகமே திரும்பிப் பார்க்கவைத்த எண்டோசல்பானுக்கும் அதே 2011-ல் உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது. இதற்கெல்லாம் உலக அளவில் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் என்று ஒன்று 2001-ல் எழுதப்பட்டது. 12 ரசாயனங்களின் பட்டியல். இந்தியா அதை ஏற்றுக் கையெழுத்தை உறுதி செய்தது 2006 ஜனவரியில். மலேரியாவுக்காக டி.டி.டி.க்கு மட்டும் அதில் விதிவிலக்கு உண்டு. மற்ற நாடுகள் எல்லாம் ஆலையைப் பூட்டியபிறகும் இந்தியா தயாரித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பன்னிரண்டில் ஒன்றை யாரும் தயாரிப்பதே இல்லை. டையாக்சின். குப்பையை, குறிப்பாக பி.வி.சி. மாதிரி பிளாஸ்டிக்கை எரித்தால் தானாகப் பிறக்கும். அதே எஹிமே பல்கலைக்கழகத்துக்காரர்கள் சென்னை பெருங்குடிக் குப்பைமேட்டைச் சுற்றி வசிக்கும் தாய்மார்களின் பாலைச் சோதித்து 2004-ல் எழுதினார்கள். கம்போடியா, வியட்நாம், பிலிப்பைன்ஸ் நாட்டுக் குப்பைமேட்டுத் தாய்மார்களைவிட பெருங்குடியில் டையாக்சின் அதிகம். ஏன் அங்கே மட்டும் என்று தேடியதில் அகப்பட்ட சந்தேகப் பேர்வழி யார் தெரியுமா? குப்பைமேட்டில் மேயும் மாடும் எருமையும் கொடுத்த பால். அந்தத் தாய்மார்கள் நம் வழக்கப்படி உடம்பு தேறவேண்டும் என்று நன்றாகப் பால் குடித்திருக்கிறார்கள்.

ஆச்சி வீட்டை சில வருஷம் முன்னால் இடித்தோம். புது வீட்டுக்குப் பிளான் போட்டவர், ‘பழைய சுவர் மண், நல்ல மண் சார், வீணாக்காதீங்க’ என்றார். சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் அந்தக் கட்டம் பாதி தெரிந்தது. தேதி படிக்கிற மாதிரி இல்லை. மாமா இரண்டு டிராக்டர் லோடு மண்ணைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்த் தென்னைக்கு அணைத்தார். மீதியை மாட்டுத் தொழுவத்தில் பள்ளம் நிரப்பப் போட்டுவிட்டார்கள்.